வினிகருக்கு வாடகை

அந்த வீட்டில் பூனை கிடையாது. பூனை வளர்க்கிற எண்ணமும் யாருக்கும் கிடையாது. ஆனால் பூனை உணவு மட்டும் ஏழு மூட்டை இருந்தது. பாதி விலைக்குப் போட்டிருக்கிறான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு மனிதர் தோளுக்கு ஒன்றாகச் சுமந்து நாலு நடை நடந்து மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் தொழில் லிஃப்ட் மெக்கானிக். அவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதை வைத்து அவரைக் கேலி செய்தவர்கள் எல்லாம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

"பூனை எங்கங்க?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"நாளைக்கே ஒண்ணு வந்துச்சுன்னா?" என்றார் அவர். மூச்சிரைத்தாலும் பதில் தயாராக இருந்தது.

கட்டடத்தில் அவருக்கு ஆஃபர் அண்ணன் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி திரும்பிப் பார்ப்பார். மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்தைக் கண்டால் போதும், கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். சனிக்கிழமை காலை வாசலில் போட்டுவிட்டுப் போகும் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸைப் பரீட்சை முடிவு பார்ப்பது போல விரலை வைத்து வரி வரியாகப் படிப்பார். ஞாயிறு காலை இரண்டு பெரிய பைகளோடு கிளம்புவார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருக்கிற நிறைவு இருக்கிறதே, அதைப் பார்த்தால் யாருக்கும் திட்ட மனசு வராது. மனைவிக்கும் வரவில்லை. பதினொரு வருஷமாக அவளும் அதைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கட்டடத்தில் டெய்லரக்கா என்பார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஒரு கடை. நாலடிக்கு ஆறடி. உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும். மேலே ஆள் ஏறும்போதெல்லாம் தூசி கொட்டும். ஆனாலும் அது அவள் கடை. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு மாஸ்டரிடம் கூலிக்குத் தைத்தாள். ஊசி உடைந்தால் கூலியில் பிடிப்பார், நூல் அறுந்தால் முறைப்பார். தனியாகப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, பத்துப் பேர் முன்னால் அந்த ஆள் சொன்னார்: "போ, போ. எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன். உன் ஸ்டூல் காலியாத்தான் இருக்கும். வந்து உக்காந்துக்க."

இப்போது ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஸ்டூல் இன்னும் அவள் நெஞ்சில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் கடையை வாடகைக்கு விட்டவர் வந்து கையைப் பிசைந்தார். அவர் மருமகன் செல்ஃபோன் உறை விற்கப் போகிறானாம். அடுத்த மாசக் கடைசிக்குள் காலி செய்துகொடுக்க வேண்டுமாம். வேறு இடம் தேடி அவள் ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் இரண்டு மடங்கு வாடகை, அதற்கு மேல் முன்பணம். செய்தி எப்படித்தான் பறந்ததோ, மூன்றாம் நாளே பட்டன் கடைக்காரர் மூலம் மாஸ்டரிடமிருந்து தகவல் வந்துவிட்டது. ஸ்டூல் காலியாக இருக்கிறதாம்.

அதே வாரத்தில் மேல்வீட்டு நர்ஸ் வந்து ஒரு நல்ல செய்தியும் சொன்னாள். "அக்கா, எங்க கிளினிக்ல நர்ஸுங்களுக்குப் புதுசா அறுபது கோட்டு தைக்கணும். உங்க பேரச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் முடிஞ்சு ஒண்ணாம் தேதி மேனேஜர் நேர்ல வந்து இடத்தப் பாப்பாரு. துணி மட்டும் நீங்க போடணும், கோட்டக் கொடுக்கறப்ப மொத்தமா காசு."

"எந்த இடத்தப் பாப்பாரு?"

"நீங்க தைக்கிற இடத்தத்தான். பெரிய மேஜை போட்டு வெட்டற மாதிரி ஒரு ரூமு இருந்தாப் போதும்க்கா."

ரூம். டெய்லரக்கா அன்று மதியம் வீட்டுக்கு வந்து அந்த மூன்றாவது அறையின் கதவைத் தள்ளினாள். கதவு பாதிதான் திறந்தது. உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். தரையிலிருந்து கூரை வரைக்கும் அவர் வாங்கிச் சேர்த்த லாபம். மக்ரோனி, ஓட்ஸ், தகர டப்பாவில் பீன்ஸ், தக்காளி சாஸ், அரிசி, பருப்பு, மாவு, பிஸ்கட், சோப்பு, பற்பசை. வினிகர் இருபத்து நாலு பாட்டில். ஜெல்லி பவுடர் தொண்ணூறு பாக்கெட். கிழக்குப் பார்த்த ஜன்னலை டிஷ்யூ ரோல் மறைத்திருந்தது. நாலு ரோலை எடுத்ததும் வெளிச்சம் வந்து அவள் கையில் விழுந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கலாம், அத்தனை வெளிச்சம். அந்த இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை உருவி நீளம், அகலம் பிடித்தாள். எட்டடிக்குப் பத்தடி. சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து கை கால் கழுவுகிற வரைக்கும் பொறுத்தாள்.

"இந்த வீட்டு வாடகைல நாலுல ஒரு பங்கு அந்த ரூமுக்குப் போகுதுங்க. வினிகருக்கு நாம வாடகை கட்டறோம், தெரியுமா உங்களுக்கு?"

அவர் சிரித்தார். "நல்லா இருக்கே கதை. வினிகர் கேட்டுச்சா வாடகை?"

"ரெண்டு வருஷம் ரெண்டு மாசமா அங்க குடியிருக்கு. அதோட வாடகையையும் சேத்துப் பாத்தா அந்த பாட்டில் இப்ப சென்ட் விலை."

கல்லூரியில் படிக்கிற மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அதைப் பூசிக்கிட்டுத்தான் அப்பா வேலைக்குப் போகணும்" என்றாள்.

"இங்க பாரு," என்று அவர் மனைவியிடம் திரும்பினார். "லிஃப்டுல பத்துப் பேரத் தூக்க ஒரு கயிறு போதும். ஆனா ஆறு கயிறு போடறோம். ஏன்? ஒண்ணு அறுந்தா மத்தது தாங்கணும். வீடும் அப்படித்தான்."

"நானும் துணி வெட்டறேன். தையலுக்குன்னு ஓரத்துல ஒரு இஞ்ச் விடுவேன். ஒரு மீட்டரா விடறேன்? அப்படி விட்டா அதச் சட்டைன்னு யாராவது போடுவாங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. "அப்ப எல்லாத்தையும் தூக்கிப் போடப் போறியா? காசு கொடுத்து வாங்கினது."

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அவளுக்குத் தெரியும். மகள் அரைடிக்கட் வாங்குகிற வயசில் அவர் கம்பெனியைப் பதினொரு வாரம் பூட்டிப் போட்டார்கள். சம்பளம் இல்லை. ஒரு நாள் வீட்டில் உப்புக்கூடத் தீர்ந்துபோனது. டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, இப்போதுதான் தீர்ந்தது என்றாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் உப்பு ஜாடி கழுத்து வரை நிறைந்து நின்றதை இவர் பார்த்துவிட்டார். காலி டம்ளரோடு திரும்பி வந்தார். அந்த வீட்டுக்காரர்கள் காலி செய்து போய் எத்தனையோ காலமாகிறது. இவர் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த டம்ளரை நிரப்பிக்கொண்டே இருந்தார். அவளுக்கு அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் மாஸ்டரின் ஸ்டூலில் போய் உட்கார வேண்டியது அவள்தான்.

"ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டேன்," என்றாள். "சாப்பிட்டுத் தீர்ப்போம். நாளைக்கு ஒண்ணாம் தேதி. முப்பது நாளும் யாரும் கடைக்குப் போகக் கூடாது. பால், முட்டை, காய்கறி மட்டும் வாரத்துக்கு ஒரு துணிப்பை, நான் வாங்குவேன். முப்பதாம் தேதி ரூமு காலியா இருந்தா ரூமு எனக்கு. இல்லேன்னா நான் மாஸ்டர்கிட்டப் போறேன்."

அவர் யோசித்தார். பிறகு விரலை நீட்டினார். "ஒரு பொருள் குப்பைக்குப் போகக் கூடாது. சும்மா யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. அதுவும் நஷ்டம்தான்."

"சரி."

"பத்தாவது நாளே பையத் தூக்கிட்டு ஓடப் போற, பாத்துக்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் பழக்க தோஷத்தில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் சட்டையைக் கழற்றினார். அவள் அறையிலிருந்த எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினாள். டெய்லர் சாக்பீஸால் ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதினாள். எது முதலில் கெடுமோ அது முன்னால், எது தாங்குமோ அது பின்னால். துணியை வெட்டுவதற்கு முன்னால் காகித அளவுகளை இப்படி வைத்து அப்படி வைத்துப் பார்ப்பாள் அல்லவா, துண்டு வீணாகக் கூடாது என்று? அதே மாதிரி மக்ரோனியையும் பீன்ஸையும் நகர்த்தி நகர்த்தி ஒரு வாரத்துச் சாப்பாட்டை வெட்டிவிட்டாள். மகள் அதைப் பெரிய தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள்.

அறையைக் கிளறக் கிளற வேடிக்கை வெளியே வந்தது. தொலைந்துபோனது என்று போலீஸுக்குப் போகாத குறையாகத் தேடிய இஸ்திரிப் பெட்டி மாவு மூட்டைக்குப் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அது தொலைந்ததால் வாங்கிய இரண்டாவது இஸ்திரிப் பெட்டி ஓட்ஸுக்கு அடியில் இருந்தது. அதுவும் தொலைந்து மூன்றாவதைத்தான் இப்போது உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். டப்பா திறக்கிற கருவி அஞ்சு கிடைத்தது. ஆஃபர் அண்ணன் அதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் துடைத்து, "நல்ல கம்பெனி" என்று மட்டும் சொன்னார்.

முதல் வாரம் சுலபமாகப் போனது. இரண்டாவது வாரத்தில் மகள் அடுக்களையில் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஓட்ஸ் என்ன வேஷத்துல வருது?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஓட்ஸ் கஞ்சியாக வந்தது, ரொட்டியாக வந்தது, தக்காளி சாஸ் ஊற்றிய ஏதோ ஒன்றாகவும் வந்தது. அதற்குப் பேர் வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவும் இல்லை. பத்தாவது நாள் கணவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கடைக்குப் போகலையா?"

"வழி மறந்துபோச்சுங்க."

அவர்தான் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் ஜன்னலுக்கும் அலைந்தார். சனிக்கிழமை நோட்டீஸ் வந்தால் அவள் அதை வாங்கிப் பின்பக்கத்தில் சட்டை அளவு எழுதிக்கொள்வாள். ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வரும்போது, அந்தத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு மனிதர் ரகசியமாகப் படித்துக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

இருபதாம் நாள் அறையில் தரை தெரிந்தது. தின்னக்கூடியதெல்லாம் தீர்ந்து, அன்றாடத்துக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் சோப்பும் அடுக்களை அலமாரிக்குள் அடங்கிவிட்டன. ஆனால் மூன்று சாமான் அசையவில்லை. ஏழு மூட்டை பூனை உணவு. இருபத்து நாலு பாட்டில் வினிகர். தொண்ணூறு பாக்கெட் ஜெல்லி. ஆஃபர் அண்ணன் வாசலில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆளுக்கு மூணு பாக்கெட் ஜெல்லி தினம் சாப்பிட்டாத் தீந்துடும். பூனைச் சாப்பாட்ட யாரு சாப்பிடறதுன்னு சீட்டுக் குலுக்கிப் பாத்துக்கலாம்."

டெய்லரக்காவுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயம் வந்தது. எறியக் கூடாது, சும்மா கொடுக்கக் கூடாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது. சாயங்காலம் கடையில் தையல் ஓடவில்லை. இரண்டு காலரைத் திருப்பித் தைத்துவிட்டுப் பிரித்தாள். மாஸ்டரின் குரல் காதுக்குள் கேட்டது. பத்து நாள்தான் இருந்தது.

மறுநாள் கோட்டு அளவுகளைக் கொடுக்க நர்ஸ் வந்தாள். திறந்த கதவு வழியாக ஜெல்லி அட்டைப்பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அக்கா, இத்தனை ஜெல்லியா? எங்க கிளினிக்ல ஆபரேஷன் ஆனவங்களுக்கு முதல்ல கொடுக்கற சாப்பாடே இதுதான். கேன்டீன்காரரு தீந்துபோச்சுன்னு நேத்துதான் புலம்பினாரு." ஒரு பாக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். "இன்னும் ஒரு வருஷம் இருக்கே. என்ன விலைன்னு கேக்கவா?"

டெய்லரக்காவின் வாயில் விலை வந்துவிட்டது. ஆனால் நுனிநாக்கிலேயே நிறுத்திக்கொண்டாள். "காசு வேணாம், தங்கச்சி. உங்க கிளினிக்ல வேணாம்னு ஓரமாப் போட்ட சாமான் ஏதாவது இருக்கா? ஆளு நின்னு துணி மாத்தற மாதிரி மறைப்பு, தட்டி…"

நர்ஸ் நெற்றியில் தட்டிக்கொண்டாள். கட்டிலைச் சுற்றி நிறுத்துகிற சக்கரம் வைத்த பச்சைத் திரை ஒன்று, புதிது வந்ததால் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறதாம். மூன்றாம் நாள் தொண்ணூறு பாக்கெட் ஜெல்லி படியிறங்கியது, பச்சைத் திரை படியேறியது. துணி போட்டுப் பார்க்கிற இடம் தயார்.

அவளுக்கு ருசி கண்டுவிட்டது. கீழ்த்தளத்துப் பாட்டு டீச்சர் வீட்டில் நாலு பூனை. டீச்சரிடம் எட்டுப் பேர் சாப்பிடுகிற மேஜையும் இருந்தது. சாப்பிட ஒரே ஆள், மேஜை மேல் பூனைகள்தான் தூங்கின. டெய்லரக்கா ஒரு மூட்டையை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். பூனைகள் மூட்டையை முகர்ந்த விதத்திலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது.

"மேஜையக் கொடுத்துட்டா இதுங்க எங்க தூங்கும்?" என்றார் டீச்சர்.

"ஏழு மூட்டை வருது டீச்சர். அது மேல தூங்கட்டும். சாப்பாட்டு மேலயே படுக்கை யாருக்குக் கிடைக்கும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். மேஜை பேசி முடிந்தது. வினிகருக்கும் ஆள் கிடைத்தார். இரண்டாவது மாடியில் இருந்தவர் உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைக்கிறவர், வினிகரைத் தண்ணீரில் கலந்துதான் துடைப்பாராம். இவ்வளவு நாளும் வேலைக்குப் போகிற வழியில் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் ஏதோ ஆபீஸில் மிஞ்சிய வெள்ளைப் பெயிண்ட் இரண்டு வாளி இருந்தது. இருபத்து நாலு பாட்டிலுக்கு ஜன்னலைப் பளபளவென்று துடைத்து, நாலு சுவருக்கும் அவரே வெள்ளையடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

ஒவ்வொரு பேரத்தையும் ஆஃபர் அண்ணன் ஓரமாக நின்று கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனையோ கடையில் எத்தனையோ பேரம் பார்த்தவர். காசே கொடுக்காமல் ஒரு மேஜையை வாங்கிய ஆளை இப்போதுதான் பார்த்தார். அது தன் பெண்டாட்டி என்பதில் அவருக்கு வருத்தப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

இருபத்தெட்டாம் நாள் மேஜை வந்து மாட்டிக்கொண்டது. காலைக் கழற்றியும் முதல் மாடித் திருப்பத்தில் பலகை திரும்பவில்லை. கண்ணாடிக்காரர் தள்ளினார், டீச்சர் யோசனை சொன்னார், பூனைகள் குறுக்கே வந்தன. அறுத்து இரண்டாக்கிவிடலாம் என்றார் ஒருவர். டெய்லரக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அறுத்த மேஜையில் துணியை விரித்து வெட்டினால் நடுவில் கோணிக்கொள்ளும்.

ஆஃபர் அண்ணன் அதுவரை மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பந்தயத்தில் எதிராளி. கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே ஜெயித்துவிடுவார். ஆனால் ஒரு பாரத்தை மேலே ஏற்ற நாலு பேர் தப்புத்தப்பாகத் திண்டாடுவதை எந்த லிஃப்ட் மெக்கானிக்கால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? பத்து நிமிஷம் பொறுத்தார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"எல்லாரும் தள்ளுங்க. அதக் கீழ கொண்டுபோங்க," என்றார்.

மொட்டை மாடிக்கு ஏறினார். கப்பியைக் கட்டினார். பலகையைப் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டார். ஒரு கயிறு கட்டி முடித்து இரண்டாவதையும் எடுத்தார். மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஒண்ணு போதாதான்னு கேக்கலையா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"அந்த இடத்துல ரெண்டு வேணும்," என்றாள் அவள். "கீழ ஆளுங்க நிக்கறாங்க."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. மேஜைப் பலகை சுவரில் ஒரு கீறல் படாமல் மெல்ல மெல்ல மேலே வந்து, கிழக்கு ஜன்னல் வழியாக அறைக்குள் நுழைந்தது. கீழே கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் முதல் முறையாக லிஃப்ட் வேலை செய்தது என்று டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முப்பதாம் தேதி மத்தியானம் டெய்லரக்கா கடையைக் காலி செய்தாள். மிஷினையும் துணி மூட்டைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெரு முனை திரும்பியபோது கால் அப்படியே நின்றுவிட்டது. கட்டடத்து வாசலில் அவர். அவர் கையில் சூப்பர் மார்க்கெட் பெயர் போட்ட பெரிய அட்டைப்பெட்டிகள், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று. முகம் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது.

காலையில் சாமான் ஒழிந்த அறையில் மேஜையோரம் அவர் தனியாக நின்றதை அவள் பார்த்திருந்தாள். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார், ஓடிப்போய் மறுபடி நிரப்ப வந்துவிட்டார். முப்பது நாள் உழைப்பு முப்பது நிமிஷத்தில் போச்சு. கோபத்தில் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய் மேல் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்துக்குப் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தாள். பெட்டியில் கனமே இல்லை.

"காலிப் பெட்டிம்மா," என்றார் அவர். "உன் நூலு, பட்டன், துண்டுத் துணியெல்லாம் போட்டு வைக்க. கடைல கேட்டேன், எடுத்துட்டுப் போங்கன்னுட்டான். சல்லிக் காசு கொடுக்கல."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் சட்டைப் பை புடைத்திருப்பதைப் பார்த்தாள்.

"அது என்ன?"

மாட்டிக்கொண்ட முகத்தோடு மெதுவாக வெளியே எடுத்தார். ஒரு பாக்கெட் உப்பு. ஒன்றே ஒன்று.

"மூணு வாங்கினா ரெண்டு சும்மான்னு போட்டிருந்தான். நான் ஒண்ணுதான் எடுத்தேன். முழு விலை," என்றார். "உப்பு மட்டும் மனசு கேக்கல."

அவள் அந்தப் பாக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். பந்தயப்படி பார்த்தால் இது தப்பு. பதினொரு வருஷத்தில் அந்த மனிதர் முழு விலை கொடுத்து வாங்கிய முதல் பொருளும் இதுதான்.

"தையலுக்கு ஒரு இஞ்ச் விட்டுத்தான் ஆகணும்," என்றாள். "அடுக்களைல வைங்க. ரூமுக்குள்ள வரக் கூடாது."

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். வெள்ளைச் சுவர், எட்டடி மேஜை, ஜன்னல் வெளிச்சம், சக்கரம் வைத்த பச்சைத் திரை. திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது எங்க திரை மாதிரியே இருக்கே" என்றார். கூடவே வந்த நர்ஸ் இருமினாள். மேஜை மேல் அறுபது கோட்டுக்கான துணி அடுக்கியிருந்தது. ஒரு மாசம் கடைக்குப் போகாமல் மிச்சம் பிடித்த பணம் முழுக்க அந்தத் துணியாக மாறி உட்கார்ந்திருந்தது. யாரிடமும் கைநீட்டவில்லை. மேனேஜர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசலில் காத்துக்கொண்டிருந்த டீச்சர், அவர் கீழே இறங்குகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல், "டெய்லரக்கா ஜெயிச்சுட்டாங்க" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பாட்டு டீச்சர் குரல், கேட்கவா வேண்டும்.

அன்று சாயங்காலம் ஃபோன் அடித்தது. மாஸ்டர். அவள் ஒலிபெருக்கியைப் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டு வெட்டிக்கொண்டே பேசினாள். கணவர் பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பெட்டியும் இப்போது வேலைக்கு வந்துவிட்டன. ஒன்று சூடாகும்போது ஒன்று ஓடியது, மூன்றாவது நர்ஸின் நாத்தனார் கையில் இருந்தது. அவளைக் கூலிக்கு வேலைக்குச் சேர்த்து அரை நாள்தான் ஆகியிருந்தது.

"கடை போயிடுச்சாமே," என்றார் மாஸ்டர். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. உன் ஸ்டூல் காலியாத்தான் இருக்கு."

"தெரியும் மாஸ்டர். அதைப் பத்திதான் நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் டெய்லரக்கா. கத்தரிக்கோல் நிற்கவில்லை. "அந்த ஸ்டூல என்ன விலைக்குத் தருவீங்க? எங்கிட்ட ஒரு பொண்ணு வேலைக்குச் சேந்திருக்கா. உக்கார ஸ்டூல் இல்லாம நின்னுக்கிட்டே வேலை பாக்கறா."

மாஸ்டர் என்ன இருந்தாலும் வியாபாரி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரெண்டா எடுத்துக்கிட்டா பாதி விலைக்குத் தரேன்" என்றார்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. டெய்லரக்கா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். மகள் பார்த்தாள். நர்ஸின் நாத்தனாருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் பார்த்தாள். ஆஃபர் அண்ணன் எச்சிலை விழுங்கினார். அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு ஃபோன் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணு போதும் மாஸ்டர்," என்றார்.